பாட்டில் ஏறுகிறது, பிபி ஏறவில்லை: ஷாக்கில் வந்த நோயாளிக்கு அடுத்த 250 மி.லி. கொடுக்கலாமா?

கேஷுவால்டியில் டியூட்டி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்கள், பி.ஜி.க்கள், நர்ஸ்கள் ஆகியோருக்காக எழுதியது இது. ரத்த ஓட்டம் குலைந்து, அதாவது ஷாக்கில், வந்திருக்கும் ஒருவருக்கு அடுத்த பாட்டிலை மாட்டுவதா, வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி. மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் இதை வைத்து வீட்டில் யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது.

அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் முன்னால் படுத்திருப்பவர் எந்தத் தலைப்பில் பொருந்துகிறாரோ நேராக அங்கே போங்கள். அடுத்து வரும் மூன்று பத்திகளை மட்டும் தாண்ட வேண்டாம்.

ட்ரிப்பில் போகும் ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல்) நேராக பிபியை ஏற்றுவதில்லை. இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை அது கூட்ட வேண்டும், அந்த ரத்தம் இதயத் தசையை இன்னும் கொஞ்சம் விரிக்க வேண்டும், விரிந்த தசை அடுத்த துடிப்பில் அதிக ரத்தத்தை வெளியே தள்ள வேண்டும். ஃபிராங்க், ஸ்டார்லிங் இருவரும் நூறு வருடத்துக்கு முன்பே காட்டிய சங்கதி. ஓர் எல்லை வரைதான் இது நடக்கும். அந்த எல்லையைத் தாண்டிய இதயத்துக்கு எவ்வளவு ஊற்றினாலும் ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு கூடாது. ஊற்றியது நுரையீரலிலும் குடல் சுவரிலும் சிறுநீரகத்திலும் போய்த் தேங்கும்.

250 முதல் 500 மி.லி. கொடுத்ததும் ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் 10 முதல் 15% கூடினால் அந்த இதயம் ஃப்ளூயிடை ஏற்றுக்கொள்கிறது என்று சொல்கிறோம். ஐ.சி.யு.க்களில் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஃப்ளூயிட் தேவை என்று டாக்டர் நினைத்துக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அப்படிக் கூடியது. சோதிக்காமல் கொடுப்பது பூவா தலையா போடுவதுதான்.

இன்னொன்று. பிபி என்பது இதயம் தள்ளும் அளவும் ரத்தக்குழாய்களின் இறுக்கமும் சேர்ந்த விளைவு. பிபி ஏறவில்லை என்பதால் இதயம் ஏற்கவில்லை என்று ஆகாது. கீழே வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

பேதி, வாந்தி, ரத்தப்போக்கு: காரணம் கண்ணுக்கே தெரிகிறது

சோதனை வேண்டாம். இருபது தடவை பேதியாகி, கண் உள்ளே போய், நாக்கு ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு எக்கோ (இதய ஸ்கேன்) ப்ரோபைத் தேடிக்கொண்டிருப்பது நேர விரயம். இரண்டு பெரிய லைன் போட்டு ஆர்எல் ஓட விடுங்கள். கத்திரி வெயிலில் கட்டட வேலை பார்த்துச் சுருண்டு விழுந்தவருக்கும் முதல் பாட்டில் வரை இதே பதில்தான், ஆனால் அவரை அதே வேகத்தில் குளிர்விக்கவும் வேண்டும்.

ரத்தம் போனவருக்கு வேண்டியது ரத்தம். லிட்டர் கணக்கில் என்எஸ் (வெறும் உப்புக் கரைசல்) ஏற்றி உறைவுப் பொருள்களை நீர்த்துப்போகச் செய்தால் கசிவு கூடும். தலையில் அடி இல்லாத விபத்து நோயாளிக்கு, ரத்தப்போக்கை அடைக்கும் வரை மேல் பிபி 80 முதல் 90 இருந்தால் போதும். பிளட் பேங்குக்கு ஆள் அனுப்பியாயிற்றா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு லிட்டர் போயாச்சு, பிபி இன்னும் 80தான்

முதல் சந்தேகம்: உண்மையிலேயே போனதா? கேஸ் ஷீட்டில் இருக்கும் எண்ணை நம்பாமல் பாட்டிலைப் பாருங்கள். புறங்கையில் நீல நிற 22 கேஜ் வென்ஃப்ளான் (ட்ரிப் ஏற்ற வெயினில் செருகும் மெல்லிய குழாய்) இருந்தால், முழுதாகத் திறந்து விட்டாலும் நிமிடத்துக்கு 35 மி.லி. அளவில்தான் போகும். பச்சை நிற 18 கேஜில் 90 மி.லி.யை ஒட்டிப் போகும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். முழங்கை மடிப்பில் லைன் இருந்து அவர் கையை மடக்கிப் படுத்திருந்தால் அதுவும் இல்லை. பிபி கஃப் அதே கையில் கட்டியிருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மானிட்டரே ட்ரிப்பை நிறுத்திக்கொண்டிருக்கும். சலிப்பான சோதனைகள்தான், ஆனால் எந்த எக்கோவுக்கும் முன்னால் இவை வர வேண்டும்.

உண்மையில் போயிருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, துடிப்பின் அளவு கூடியதா என்பது. இதற்கு கேஷுவால்டியில் கிடைக்கும் நல்ல கருவி எக்கோதான், அதிலும் விடிஐ என்ற ஒரே அளவு. இதயத்தின் நுனிப் பக்கம் ப்ரோபை வைத்து, ஐந்து அறை தெரியும் காட்சியில், அயோர்ட்டிக் வால்வுக்கு அரை முதல் ஒரு செ.மீ. முன்னால் பல்ஸ்டு டாப்ளர் வைத்து எடுக்கும் அலையின் பரப்பு அது, ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். சாதாரணமாக 18 முதல் 22 செ.மீ. இருக்கும்.

ஃப்ளூயிடுக்கு முன் எடுத்த விடிஐ இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் இப்போது ஒன்று எடுத்துவிட்டு, கீழே சொல்லும் கால் தூக்கும் சோதனையைச் செய்யுங்கள். கிடைக்கும் பதில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

விடிஐ 22க்கு மேல், கை சூடாக இருக்கிறது, கீழ் பிபி 40: இதயம் தன் வேலையைச் செய்கிறது, குழாய்கள்தான் தளர்ந்து கிடக்கின்றன. குழாய்களை இறுக்கும் நார்அட்ரினலின் ஆரம்பியுங்கள். சென்ட்ரல் லைன் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்கையில் நன்றாக ஓடும் பெரிய லைனில் சில மணி நேரம் கொடுக்கலாம், அந்த இடம் வீங்குகிறதா, வெளுக்கிறதா என்று நர்ஸ் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விடிஐ 13, ஃப்ளூயிட் கொடுத்தும் 13: நிறுத்துங்கள். இதயம் சுருங்கும் விதத்தைப் பாருங்கள், ஈசிஜியை மறுபடி பாருங்கள்.

விடிஐ 13லிருந்து 16 ஆயிற்று, பிபி மட்டும் அசையவில்லை: இதயம் ஏற்கிறது. இன்னொரு 250 நியாயம்தான், ஆனால் பக்கத்திலேயே நார்அட்ரினலினும் ஓட வேண்டும். இந்த மூன்றாவது ஆளைத்தான் அதிகம் தவறவிடுகிறோம், ஏனென்றால் மானிட்டரில் அவர் இரண்டாவது ஆளைப் போலவே தெரிவார்.

விடிஐ எடுப்பதில் பிழை வருவதும் சகஜம். முதல் அளவை ஒருவரும் இரண்டாவதை இன்னொருவரும் எடுத்தால் 10% வித்தியாசம் கையிலிருந்தே வந்துவிடும். ஒரே ஆள் எடுங்கள், ப்ரோப் வைத்த இடத்தைத் தோலில் பேனாவால் குறியுங்கள், மூன்று முதல் ஐந்து துடிப்புகளின் சராசரி போடுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (நாடி தாறுமாறாக ஓடும் கோளாறு) இருந்தால் பத்துத் துடிப்பாவது வேண்டும். அலை கத்தி முனைபோல் பின்னால் சாய்ந்து வந்தால், அதுவும் பல வருட பிபியில் இதயச் சுவர் தடித்த ஒரு பாட்டிக்கு வந்தால், எண்ணை நம்பாதீர்கள். வெளியேறும் வழியே நெருக்கிக்கொண்டிருக்கலாம். இதயத்தை பலமாகச் சுருங்க வைக்கும் டோபுட்டமினை அவருக்குப் போட்டால் இன்னும் மோசமாகும், ஃப்ளூயிடும் இதயத்தைத் தூண்டாமல் குழாய்களை மட்டும் இறுக்கும் மருந்தும்தான் உதவும்.

'கிலோவுக்கு 30 மி.லி.' கணக்கு என்னாயிற்று என்று கேட்பீர்கள். செப்சிஸுக்கான (தொற்றால் உறுப்புகள் கெடும் நிலை) 2021 சர்வதேச வழிகாட்டி, முதல் மூன்று மணி நேரத்தில் அந்த அளவைப் பரிந்துரைக்கத்தான் செய்கிறது, ஆனால் பலவீனமான பரிந்துரையாக. அதே வழிகாட்டி, வெறும் உடல் பரிசோதனையையும் நிலையான எண்களையும் மட்டும் நம்பாமல் இப்படி அசைத்துப் பார்க்கும் சோதனைகளைப் பயன்படுத்தச் சொல்கிறது. 60 கிலோ ஆளுக்கு 1800 மி.லி. ஆகிறது. டயாலிசிஸில் இருப்பவர் என்பதற்காக அவருக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுவதும் தப்பு, 1800ஐயும் ஒரே மூச்சில் ஊற்றுவதும் தப்பு. 250, 250 ஆகக் கொடுத்து ஒவ்வொன்றுக்குப் பின்னும் பார்ப்பதுதான் என் வழக்கம்.

காலைத் தூக்கிப் பார்த்தாயிற்று, ஒன்றும் தெரியவில்லை

கால் தூக்கும் சோதனையின் அழகு, வெளியிலிருந்து ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல் காலிலும் வயிற்றிலும் கிடக்கும் சுமார் 300 மி.லி. ரத்தத்தை இதயத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்பதுதான். பிடிக்கவில்லையென்றால் காலை இறக்கினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். மூச்சு தானாக விடுபவர், நாடி தாறுமாறாக ஓடுபவர் ஆகியோருக்கும் செல்லும். அதனாலேயே எமர்ஜென்சிக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் பெரும்பாலான இடங்களில் இதைத் தப்பாகத்தான் செய்கிறார்கள்.

முதல் பிழை, தட்டையாகப் படுத்திருப்பவரின் காலை மட்டும் தூக்குவது. வயிற்றுக்குள் இருக்கும் ரத்தம் அப்போது அசையாது. முதலில் அவரை 45 டிகிரி சாய்ந்து உட்கார வையுங்கள், அளவு எடுங்கள். பிறகு தலைப்பக்கத்தை இறக்கி, கால்களை 45 டிகிரிக்கு ஏற்றுங்கள். நம் ட்ராலிகள் பலவற்றில் தலைப்பக்கம் மட்டும்தான் ஏறி இறங்கும். அப்போது ஒருவர் தலைப்பக்கத்தை இறக்க, இன்னொருவர் இரண்டு கால்களுக்கும் கீழே கையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கி, மடித்த மெத்தையையோ தலையணைகளையோ அண்டை கொடுக்கலாம். குதிகாலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

இரண்டாவது, பிபியை மட்டும் பார்ப்பது. மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் உள்ள இடைவெளி தெளிவாகக் கூடினால் நல்ல செய்தி. கூடாவிட்டால் அதை வைத்து 'ஏற்கவில்லை' என்று முடிவு கட்ட முடியாது, தப்பான 'இல்லை' நிறைய வரும். விடிஐயைப் பாருங்கள், 10% கூடினால் 'ஆம்'.

மூன்றாவது, தாமதம். விளைவு ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுப் பிறகு கரைந்துவிடும். காலைத் தூக்கிய பிறகு ஜெல் தேடப் போனால் சோதனை முடிந்தது. ப்ரோப் மார்பில் இருக்கும்போதே கால் மேலே போக வேண்டும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் பதில் 'இல்லை' என்று வந்தால், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறு இறுகி வீங்கியிருந்தால் கால் ரத்தம் மேலே வரும் வழியே அடைபட்டிருக்கலாம். டெங்குவில் வயிற்றில் நீர் சேர்ந்தவருக்கு இந்தச் சோதனை பொய் சொல்வதற்கு இதுதான் காரணம். காலில் இறுக்கமான ஸ்டாக்கிங் இருந்தாலும், சர்க்கரை நோயில் கால் எடுத்தவரானாலும் இதே கதைதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. காலைத் தூக்கியதும் விடிஐ கூடியது, ஆனால் நாடி 110லிருந்து 128 ஆகிவிட்டது, முகம் சுளிக்கிறார், இருமுகிறார். அவருக்கு வலித்திருக்கிறது, அட்ரினலின் சுரந்திருக்கிறது. அந்த 'ஆம்' செல்லாது. காலை இறக்கி, அளவு பழைய இடத்துக்குத் திரும்பியதா என்று பார்த்துவிட்டு, வலி இல்லாமல் மறுபடி செய்யுங்கள். இடுப்பு அல்லது தொடை எலும்பு முறிந்தவருக்கும், தலைக்குள் அழுத்தம் கூடியிருப்பவருக்கும் இந்தச் சோதனையே வேண்டாம்.

அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இரண்டு 50 மி.லி. சிரிஞ்சில் ஆர்எல் எடுத்து, பச்சை லைனில் த்ரீ-வே வழியாக ஒரு நிமிடத்தில் தள்ளுங்கள். அந்த 100 மி.லி.க்கே விடிஐ 10% கூடினால் மீதியையும் கொடுக்கலாம். கூடாவிட்டால் நஷ்டம் 100 மி.லி.தான். அளவு சிறியது என்பதால் எடுக்கும் கை இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

ஐவிசி சுருங்குகிறது, ஊற்றலாமா?

ப்ரோபை வயிற்றில் வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பதால் ஐவிசிக்கு (உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய வெயின்) நம்மிடையே தகுதிக்கு மீறிய மரியாதை இருக்கிறது. அது வலது இதய அறைக்குத் திரும்பும் பாதையின் நிரம்பல். இதயம் ஏற்குமா என்பதை நேராகச் சொல்லாது.

தானாக மூச்சு விடுபவருக்கு, ஒரு சிறிய ஐவிசி மூச்சிழுப்பில் பாதிக்கு மேல் ஒட்டிப்போனால் 'ஏற்கலாம்' என்று எடுத்துக்கொள்ளலாம். சுருங்காவிட்டால் 'ஏற்காது' என்று எடுக்க முடியாது. மூச்சுத் திணறலில் ஒருவர் நெஞ்சு முழுக்க இழுத்து விட்டால் நிரம்பிய ஐவிசிகூடச் சுருங்கும். அந்த ஆஸ்துமாக்காரருக்கு ஒரு லிட்டர் ஏற்றுவது சரியல்ல. இன்னொரு தொல்லை, மூச்சில் ஈரல் கீழே இறங்கும்போது ப்ரோப் ஐவிசியின் நடுவிலிருந்து விலகி ஓரத்தை வெட்டும். அதுவும் சுருங்குவதுபோலவே தெரியும்.

ஐவிசியை நான் நம்புவது ஒரே ஓர் இடத்தில்: பெருத்து, அசையாமல் நிற்கும்போது. அது 'பாட்டிலைக் கீழே வை, காரணத்தைத் தேடு' என்ற எச்சரிக்கை. கழுத்து வெயின் பற்றிக் கீழே சொல்வதோடு சேர்த்துப் படியுங்கள்.

சிவிபி (இதயத்தை ஒட்டிய பெரிய வெயினின் அழுத்தம்) பற்றி ஒரு வரி போதும். 8 முதல் 12 வரை கொண்டுவர வேண்டும் என்ற 2001ஆம் வருடத்து நெறிமுறையை, 2014, 2015இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகள் தேவையில்லை என்று காட்டிவிட்டன. சிவிபியின் எண்ணைப் பார்த்து இதயம் ஏற்குமா என்று சொல்ல முடியாது.

வென்டிலேட்டரில் இருக்கிறார், மானிட்டர் 'வேரியேஷன் 16' என்கிறது

ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்து பிபியைத் துடிப்புக்குத் துடிப்பு காட்டும் குழாய்) இருந்தால் மட்டும்தான் இந்தத் தலைப்பு. மூச்சோடு சேர்ந்து பல்ஸ் பிரஷர் (மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் உள்ள இடைவெளி) எத்தனை சதவீதம் ஏறி இறங்குகிறது என்பதைத்தான் மானிட்டர் காட்டுகிறது. 13க்கு மேல் இருந்தால் இதயம் ஏற்கும், 9க்குக் கீழே இருந்தால் ஏற்காது, நடுவில் இருந்தால் சொல்ல முடியாது.

இந்த எண் செல்லுபடியாக வேண்டுமானால் நோயாளி தானாக மூச்சு விடக் கூடாது, நாடி ஒழுங்காக இருக்க வேண்டும், ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 8 மி.லி. போக வேண்டும். எமர்ஜென்சியில் இவை மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். நுரையீரலைக் காக்க இப்போது 6 மி.லி.தான் வைக்கிறோம், அதில் வரும் குறைந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. மும்பை டாடா மெமோரியலில் ஷீலா மியாத்ராவும் சகாக்களும் 2017இல் வெளியிட்ட வழி இதற்குத் தோதானது: ஒரு நிமிடம் மட்டும் 6லிருந்து 8 மி.லி.க்கு ஏற்றிப் பாருங்கள், அந்த எண் 3.5 அல்லது அதற்கு மேல் கூடினால் 'ஆம்'. பிறகு மறக்காமல் 6க்குத் திருப்பிவிடுங்கள்.

வலது இதயம் தளர்ந்திருந்தால் இந்த எண் உயர்ந்து நின்று ஏமாற்றும். 16 என்று காட்டுகிறது, ஃப்ளூயிட் கொடுத்தால் இன்னும் மோசமாகிறார் என்றால் முதலில் வலது பக்கத்தை எக்கோவில் பாருங்கள்.

காய்ச்சல் விட்டது, கை சில்லிட்டது, பிபி 100/85

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சென்னையில் எந்த ஆஸ்பத்திரிக்கும் தெரிந்த படம் இது. '100 இருக்கே, பரவாயில்லை' என்று சொல்ல வைக்கும் பிபி. மேலுக்கும் கீழுக்கும் நடுவே 15தான் இருக்கிறது. டெங்குவில் அந்த இடைவெளி 20ஐத் தொட்டாலே ஷாக் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசிந்து வெளியேறுகிறது. குழாய்களை இறுக்கி மேல் பிபியை உடல் எப்படியோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே ஆரம்பத்தில் இதயம் ஏற்குமா என்று கேட்கத் தேவையில்லை, அநேகமாக ஏற்கும். எவ்வளவு, எந்த வேகத்தில், எப்போது நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை. பிபி இன்னும் விழாத பெரியவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. அதற்குமேல் வேகமாக ஓட்டினால் கசிவுக்குத்தான் தீனி. பிபி விழுந்துவிட்டவருக்குக் கிலோவுக்கு 20 மி.லி.யை 15 நிமிடத்தில் கொடுக்க வேண்டும். தேறியதும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான் இருக்கும்.

தேறவில்லையென்றால் ஹெமட்டோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பாருங்கள். எக்கோவைவிட இங்கே அது நல்ல வழிகாட்டி. நாடி ஓடுகிறது, ஹெமட்டோக்ரிட் இன்னும் ஏறுகிறது என்றால் கசிவு தொடர்கிறது, ஃப்ளூயிட் கொடுங்கள். நாடி ஓடுகிறது, ஆனால் ஹெமட்டோக்ரிட் இறங்கிவிட்டது என்றால் 'சரியாகிக்கொண்டிருக்கிறது' என்று சந்தோஷப்படாதீர்கள். எங்கோ ரத்தம் போகிறது, பெரும்பாலும் குடலுக்குள். ரத்தம் ஏற்றுங்கள்.

இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்குகிறது, வயிறு உப்பியிருக்கிறது, நாடி நன்றாகத் துள்ளுகிறது, சிறுநீர் தாராளமாகப் போகிறது: கசிந்தது உள்ளே திரும்புகிறது. ட்ரிப்பை இப்போது நிறுத்தாவிட்டால் நாம் கொடுத்ததிலேயே அவர் மூழ்குவார். டெங்கு வார்டில் கடைசி நேர மூச்சுத் திணறல் பலவற்றுக்கு டெங்குவைவிட ட்ரிப்தான் காரணம் என்பது என் கருத்து.

அதே மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைஃபஸும் வரும். இவை இரண்டும் இதயத் தசையையும் நுரையீரலையும் தாக்கக்கூடியவை. 'காய்ச்சல், பிபி குறைவு, தட்டணுக்கள் குறைவு' என்றதும் டெங்கு கணக்கில் ஊற்ற ஆரம்பிக்காமல் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் கருகிய புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பாருங்கள்.

பிபியும் குறைவு, நெஞ்சிலும் சளச்சளப்பு

நுரையீரலில் ப்ரோபை வைத்து இரண்டு பக்கமும் பி-கோடுகள் (நுரையீரலில் நீர் சேர்ந்ததைக் காட்டும் வெள்ளைக் கோடுகள்) நிறையத் தெரிந்தால், ஃப்ளூயிட் பற்றிய கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிட்டது. இதயம் ஏற்றாலும் நுரையீரல் தாங்காது.

மாரடைப்பு முதலில் நினைவுக்கு வரும். திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்களிடம் தேள் கொட்டியதா என்றும் கேளுங்கள். செந்தேள் விஷம் அட்ரினலின் புயலைக் கிளப்பி இதயத் தசையைச் செயலிழக்கச் செய்யும். வியர்வையில் குளித்து, கை சில்லிட்டு வருவதால் ட்ரிப் போடத்தான் கை போகும். அதுதான் நுரையீரலை நிரப்பும். இதற்கு, ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் பிராசோசினை 1980களில் கொண்டுவந்தவர் மகாராஷ்டிராவின் மஹாட் ஊரைச் சேர்ந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். பிபி விழுந்து நுரையீரலிலும் நீர் கோத்துவிட்டால் டோபுட்டமின் வேண்டும்.

கழுத்து வெயின் புடைத்திருக்கிறது, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது

இங்கே ஃப்ளூயிட் சோதனைக்கு முன் நான்கு பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: நெஞ்சில் அழுத்தத்தோடு காற்று அடைப்பு, இதய உறையில் நீர், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, வலது இதய மாரடைப்பு. முதல் இரண்டுக்கும் ஊசி குத்தி வெளியே எடுப்பதுதான் மருந்து. நம் ஊரில் காசநோயால் இதய உறையில் நீர் கட்டுவது இன்னும் அரிதாகிவிடவில்லை. அதை எடுக்க ஏற்பாடு ஆகும்வரை கொஞ்சம் ஃப்ளூயிட் தாங்கல் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

ஈசிஜியில் கீழ்ப்பக்க மாரடைப்பு தெரிந்தால் வலது பக்க லீடும் எடுங்கள். அங்கே எஸ்டி தூக்கியிருந்தால் நைட்ரேட் வேண்டாம். நுரையீரல் சுத்தமாக இருந்து ஐவிசியும் பெருக்காமல் இருந்தால் 250 கொடுத்துப் பார்க்கலாம். விடிஐ கூடவில்லையென்றால் அதோடு நிறுத்துங்கள். வீங்கிய வலது அறை நடுச்சுவரைத் தள்ளி இடது அறையையும் நெருக்கும், இன்னும் ஊற்றினால் பிபி இறங்கும்.

சோதனை 'ஆம்' என்கிறது, ஆனால் நோயாளி நன்றாக இருக்கிறார்

கொடுக்காதீர்கள். இதைப் படிக்கும் உங்கள் காலைத் தூக்கினாலும் விடிஐ கூடும். நல்ல இதயம் ஏற்கத்தான் செய்யும். ஏற்கும் என்பது வேறு, தேவை என்பது வேறு. கை கால் சூடாக இருக்கிறது, தெளிவாகப் பேசுகிறார், சிறுநீர் போகிறது, லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் பொருள்) இறங்குகிறது என்றால் சோதனை செய்ததே தேவையில்லாதது.

இதில் சிக்கல், சொந்தக்காரர்கள். 'சார், பாட்டில் முடிஞ்சிடுச்சு, அடுத்தது போடலையா?' என்று பத்து நிமிடத்துக்கு ஒருவர் வருவார். ட்ரிப் ஓடினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை, நாமே வளர்த்தது. 'அம்மா, தேவையான தண்ணி ஏறியாச்சு, இனிமே ஏத்துனா நுரையீரல்ல தங்கி மூச்சு வாங்கும், அதுக்குப் பதிலா பிபி மருந்து ஓடுது' என்று ஒரே தடவை தெளிவாகச் சொன்னால் போதும்.

கூடுதல் ஃப்ளூயிட் கெடுதல் செய்யும் என்பது வெறும் யூகம் இல்லை. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் கடும் காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் குன்றி வந்த குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வேகமாக ஃப்ளூயிட் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்தில் சுமார் 10.5% பேர் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3%. ஜாம்பியாவில் செப்சிஸும் குறைந்த பிபியுமாக வந்த பெரியவர்களிடம் 2017இல் 48.1%க்கு எதிராக 33%. அவர்களில் பெரும்பாலோருக்கு எச்ஐவி, முதல் ஆய்வில் பேதிக் குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. அப்படியே சென்னைக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால் வென்டிலேட்டர் படுக்கை காலியாக இல்லாத ராத்திரியில் நம் நிலைமையும் அங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை.

ராத்திரி இரண்டு மணி, எக்கோ இல்லை, லாக்டேட் இல்லை

விரல் நுனியை ஒரு கண்ணாடி ஸ்லைடால் தோல் வெளுக்கும்வரை அழுத்தி, 10 நொடி வைத்து விடுங்கள். நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆனால் தாமதம். ஏசி குளிரில் கிடந்த கை ஏமாற்றும், போர்வையால் மூடிச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். செப்சிஸில் லாக்டேட்டைத் துரத்துவதற்குப் பதில் இதை வைத்துச் சிகிச்சை செய்தவர்கள் அதைவிட மோசமாகப் போகவில்லை என்று தென் அமெரிக்காவில் நடந்து 2019இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. செலவு ஒரு ஸ்லைடு.

காலைத் தூக்கி, ஒரு நிமிடத்துக்குள் இந்த நொடிக் கணக்கையும் பல்ஸ் பிரஷரையும் பாருங்கள். இரண்டும் திருந்தினால் 250 மி.லி.யை 10 நிமிடத்தில் கொடுங்கள். திருந்தாவிட்டால், மேலே சொன்னபடி அது உறுதியான 'இல்லை' ஆகாது, ஆனாலும் கொடுப்பதை இன்னும் சின்ன அளவாக்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன்னும் பின்னும் நாடி, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, நெஞ்சின் அடிப்பக்கச் சத்தம் எல்லாவற்றையும் குறியுங்கள். மூச்சு எண்ணிக்கை கூடினாலோ, முதலில் இல்லாத சளச்சளப்பு இப்போது கேட்டாலோ பாட்டிலில் பாதி மீதி இருந்தாலும் மூடிவிடுங்கள். ஏறிய ஆர்எல்லின் பலன் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும் என்பதால் அரை மணிக்கு ஒரு தடவை திரும்பி வந்து பார்க்க வேண்டும்.

நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்: 'மொத்தம் 1250 மி.லி., கடைசி 250க்கு மாற்றமில்லை, மூச்சு 22லிருந்து 28, ஃப்ளூயிட் நிறுத்தம், நார்அட்ரினலின் ஆரம்பம்.' எழுதாவிட்டால் காலை எட்டு மணிக்கு டியூட்டி மாறுகிறவர் 80/50ஐப் பார்த்துவிட்டு முதல் வேலையாக இன்னொரு ஆர்எல் மாட்டுவார்.